நன்னாரி வாசனை பீன்யா வரை போய் வந்தது

புனித வாரத்துச் செவ்வாய்க்கிழமை மாலை நாலு பத்துக்கு, காக்ஸ் டவுன் ஜோசஃபின் டீச்சர் வீட்டிலிருந்து நன்னாரி வாசனை படியிறங்கி நடந்து போனது. எதிர்வீட்டு கேரல் அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட் தானாகத் திறந்து, ஒழுங்காகச் சாத்திக்கொண்டதையும், வாசனை பஸ் ஸ்டாப் பக்கம் திரும்பியதையும் கவனித்தாள். ஏதோ அவசர வேலை போலிருக்கிறது என்று கூப்பிடாமல் விட்டுவிட்டாள்.

தப்பு டீச்சருடையதுதான். பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதை முடிந்து வெயிலில் திரும்புகிறவர்களுக்கு அந்த வீட்டு வாசலில் நன்னாரி சர்பத் கொடுப்பது இருபத்தெட்டு வருட வழக்கம். அது முழுக்க அவர் கணவர் சில்வெஸ்டரின் இலாகா. ராமநகரப் பக்கத்துக் கரட்டில் ஆடு மேய்க்கும் கிருஷ்ணப்பா கன்னடத்தில் 'சொகதே பேரு' என்று காட்டிக்கொடுத்த நன்னாரிக் கொடியைத் தேடிப் போய், தாய்வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுப் பக்கவேரை மட்டும் தோண்டி வருவார். தட்டி, நடு நரம்பை உருவி எறிந்து, சுடுதண்ணீரில் போட்டு ஒரு நாள் மூடிவைப்பார். கொதிக்கவிட்டால் வாசனை போய்விடும் என்று ஒவ்வொரு வருடமும் சொல்வார். டீச்சர் ஒரு வருடமும் காதில் வாங்கவில்லை. போன ஆகஸ்டில் சில்வெஸ்டர் இறந்துபோனார். இந்த வருடம் டீச்சர் தனியாக அடுப்படியில் நின்றார். ஊர் ஜனம் குடிக்கப் போகிறது, டேங்கர் தண்ணீர் வேறு. வேரோடு சேர்த்து இருபது நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்தார்.

வாசனை சட்டியிலிருந்து மட்டும் போயிருந்தால் பரவாயில்லை. தண்ணீர்ப் பானையில் கிடந்த வேரிலிருந்தும், பீரோவில் சில்வெஸ்டரின் சட்டைகளுக்கு நடுவே வைத்திருந்த வேர்க்கட்டிலிருந்தும், தலையணையிலிருந்தும் ஒட்டுமொத்தமாகக் கிளம்பிவிட்டது. டீச்சர் ஒரு சட்டையை எடுத்து முகத்தில் வைத்துப் பார்த்தார். வெறும் பருத்தித் துணி. அவர் செத்த அன்றுகூட வீடு இவ்வளவு காலியாக இல்லை என்று டீச்சருக்குத் தோன்றியது. உட்கார்ந்து அழுதார்.

புதன்கிழமை அடுகோடியிலிருந்து தகவல் வந்தது. சில்வெஸ்டர் இளவயதில் தொழில் கற்ற லேத் பட்டறையில், இரண்டாவது மெஷின் பக்கத்தில் வாசனை காலையிலிருந்து நிற்கிறதாம். டீச்சர் ஆட்டோ பிடித்துப் போனார். சில்வெஸ்டருடன் சேர்ந்து வேலை கற்று, இப்போது பட்டறைக்கு முதலாளியாகிவிட்ட ரகுராம் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"இப்பத்தான் கெளம்பிச்சு டீச்சர். டீ சொல்றேன்னேன், வேணாம்னுடுச்சு."

டீச்சரைப் பெண் பார்க்கப் போன அன்று உடம்பெல்லாம் கிரீஸ் நாற்றம் அடிக்கிறதே என்று பயந்து, பட்டறைப் பானையில் ஊறிய நன்னாரி வேரை எடுத்துத் துடைத்து சில்வெஸ்டர் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன கதையையும் ரகுராம் சொன்னார். டீச்சருக்கு அது புதுச் செய்தி. நாற்பத்தொரு வருடம் அதை அந்த மனிதரின் சொந்த வாசனை என்றே நினைத்திருந்தார்.

பெரிய வியாழனன்று அது பீன்யாவில் இருந்தது. சில்வெஸ்டர் ரிட்டையர் ஆன கம்பெனியின் கேண்டீனில் மத்தியானம் முழுக்கச் சுற்றிவிட்டு, ஐந்து மணிக்கு ஜெனரல் ஷிஃப்ட் ஆட்களோடு வெளியே போனதாக, தேடி வந்த டீச்சரிடம் வாட்ச்மேன் சொன்னார். டீச்சர் மூச்சு வாங்க பஸ் ஸ்டாப்புக்கு ஓடினார். சிமென்ட் பெஞ்சில், இடது ஓரத்தில், அது உட்கார்ந்திருந்தது. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தார். முப்பது வருடம் கணக்கு போட்டுக் காட்டியவர், தப்பென்றால் அடுத்தவர் தப்பு என்றே பழகியவர். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"என்னங்க, டேங்கர் தண்ணியாச்சேன்னு கொதிக்க வெச்சிட்டேன். என் தப்புதான். பீரோல இருக்கற கட்டை நான் தொடல. நாளைக்கு ஜனங்க வருவாங்க. அவங்கள விடுங்க, எனக்கே அந்த வீட்ல இருக்க முடியல. வாங்க, போலாம்."

சிவாஜிநகர் பஸ் வந்தது. டீச்சர் ஏறி, ஜன்னல் பக்கத்தைக் காலியாக விட்டுவிட்டு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். கண்டக்டர் ஆதார் கார்டைப் பார்த்து, பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். ஆனால் அங்கிருந்து நகரவில்லை.

"உங்களுக்கு ஃப்ரீம்மா. ஜென்ட்ஸுக்குக் கிடையாது. அவருக்கு எடுக்கணும்."

டீச்சர் காசைக் கொடுத்தார். கண்டக்டர் இரண்டாவது டிக்கெட்டையும் கிழித்துக் கொடுத்து, காற்று அடிக்கிறது, பெரியவர் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். யஷ்வந்தபுரத்தில் கூட்டம் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு பதினைந்து பேர் நின்றார்கள். அந்த சீட்டில் ஆள் இருந்ததால் யாரும் உட்காரக் கேட்கவில்லை.