நிறுத்தச் சொன்ன மருந்து

சிநேகிதி கார்லீனைப் புதைத்த மறுவாரம் கோர்ட்டுக்கு வந்தபோது ட்வைலாவுக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. கென்டக்கி மலை ஊர் அது. நிலக்கரிச் சுரங்கம் மூடிய பிறகு அங்கே வலி மாத்திரைதான் அதிகம் புழங்கியது. முதியோர் இல்ல வேலையில் ஆளைத் தூக்கி இடுப்பு பிசகியபோது டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையில் ட்வைலாவும் விழுந்தாள். கள்ள மாத்திரையோடு பிடிபட்டதும், ஜெயிலுக்குப் பதிலாகக் கோர்ட் மேற்பார்வையில் சிகிச்சை என்றார்கள். வாராவாரம் நீதிபதி முன்னால் நிற்க வேண்டும், கூப்பிட்டால் சோதனைக்குச் சிறுநீர் கொடுக்க வேண்டும். எல்லாம் செய்தாள். மாத்திரை ஏக்கத்தை அடக்க, நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கும் ஒரு மருந்துதான் அவளை மனுஷியாக வைத்திருந்தது.

அவளோடு ஒரே காரில் கோர்ட்டுக்கு வரும் கார்லீனுக்கும் அதே மருந்து. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? அதையும் விட்டாத்தான் சிகிச்சை முடிஞ்ச சர்டிபிகேட்" என்றார் நீதிபதி ஸ்டாம்பர். கார்லீன் விட்டாள். கோர்ட்டிலேயே கேக் வெட்டி, கைதட்டிக் கொண்டாடினார்கள். கொஞ்ச நாளில் பழைய மாத்திரையைத் தேடிப் போனவள், பெட்ரோல் பங்க் கழிவறையில் நீலம் பாரித்துக் கிடந்தாள்.

"கார்லீன் நல்ல பொண்ணு. பாவம்" என்றார் ஸ்டாம்பர். "சரி, நீயும் இந்த மாசத்துலேர்ந்து மருந்தைக் குறை."

"குறைக்க மாட்டேன்."

அவளுக்காக வாதாட அரசு நியமித்த வக்கீல் பிரிசில்லா பக்கத்திலிருந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி. நான் பேசறேன்."

"நீங்க டாக்டரா ஐயா? நிறுத்துன்னீங்க, அவளும் நிறுத்தினா. செத்துப் போயிட்டா. அன்னிக்குக் கைதட்டினதுல நானும் ஒருத்தி. அத நெனச்சா இந்தக் கைய வெட்டிப் போடலாம்னு இருக்கு."

"உள்ளே போய் யோசி" என்றார் அவர்.

ஜெயிலில் மருந்து தரவில்லை. எலும்புக்குள் யாரோ துளை போடுவதுபோல் வலித்தது. வாந்தி எடுத்துச் சுருண்டு கிடந்தவளைப் பார்த்து, அதே அறையிலிருந்தவள் சொன்னாள்: "சரின்னு தலையாட்டியிருந்தா இந்நேரம் வீட்ல சாப்ட்டுகிட்டு இருப்ப."

"தலையாட்டினாளே கார்லீன்" என்றாள் ட்வைலா.

பிரிசில்லா சும்மா இருக்கவில்லை. மேல் கோர்ட்டுக்குப் போய், அந்த மருந்தை எழுதிக்கொடுக்கும் டாக்டரையே சாட்சிக் கூண்டில் ஏற்றினாள். ட்வைலாவின் மருந்து விஷயத்தில் டாக்டர் சொல்வதுதான் செல்லும் என்று தீர்ப்பு வந்தது; அவளை வெளியே விட்டார்கள்.

அடுத்த முறை ஸ்டாம்பர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மருந்து தொடரட்டும். அடுத்த ஆள்."

"கார்லீனுக்கு என்ன பதில் ஐயா?"

"அடுத்த ஆள்."

வெளியே வந்ததும் பிரிசில்லா, "ஜெயிச்சுட்டோம்டி" என்றாள்.

"எங்க ஜெயிச்சோம்? கார்லீனப் பத்தி அந்தாளு வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வந்துச்சா?"

தாழ்வாரத்து பெஞ்சிலிருந்து பழைய சுரங்கத் தொழிலாளி வெர்னன் தொப்பியைக் கையில் பிடித்தபடி எழுந்தார். "என்னையும் மருந்த நிறுத்தச் சொல்லிட்டார்மா. நேத்துலேர்ந்து போடல. வக்கீலம்மா எனக்கும் பேசுவாங்களா?"

ட்வைலாவுக்கு மறுபடியும் ரத்தம் கொதித்தது.

"மொதல்ல போய் மருந்தப் போடுங்க அண்ணே" என்றாள். "அப்புறம் மூணு பேருமா உள்ள போவோம்."