வல்லைவெளியில் எதிர்க்காற்று

தாலிகட்டு ஒன்பது நாற்பதுக்குள் முடிய வேண்டும். கரவெட்டியிலிருந்து இணுவிலுக்குப் பதினைந்து கட்டை, அதாவது பதினைந்து மைல். மணிக்குப் பத்துக் கட்டை ஓடினால் ஒன்றரை மணித்தியாலம். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டால் எட்டுக்கு அங்கே நிற்கலாம் என்று நேரம் குறித்தவள் மாப்பிள்ளையின் அக்கா பத்மாவதி. பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிப்பவள்.

போர்க்காலத் தடையில் பெற்றோலைக் கண்ணால் கண்டு ஒரு வருடமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பன்னிரண்டு பேரும் சைக்கிளில்தான் புறப்பட்டார்கள். கூறைச்சேலை மாப்பிள்ளை செல்வநாயகத்தின் கரியரில். தாலி பத்மாவதியின் கைப்பையில். வல்லைவெளியில் இறங்கியதும் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று முகத்தில் அறைந்தது. மறிக்க ஒரு மரம் கிடையாது. வெளியைத் தாண்டியபோது மணி ஏழரை. ஓடியிருந்தது ஐந்தே கட்டை.

பத்மாவதி கைமணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். மீதிப் பத்துக் கட்டைக்கும் இரண்டு மணித்தியாலம் என்றால் ஒன்பதரை. மணவறைச் சடங்குக்கே ஒரு மணித்தியாலம் வேண்டுமே!

"பிள்ளை, காத்தைக் கணக்கிலை சேர்க்கேல்லையோ?" என்று தாய்மாமன் ஏரம்பு இளைத்துக்கொண்டே கேட்டார். வயது எழுபது.

"இல்லை அம்மான். பெண் பாத்திட்டுத் திரும்பேக்கைதான் மணிக்கூடு பாத்தனான். அண்டைக்கு இந்தக் காத்து முதுகிலை."

"நீங்கள் ஓடுங்கோ. நான் ஆறுதலா, மெல்ல மெல்ல வாறன்," என்றார் ஏரம்பு.

"உங்களை விட்டிட்டுப் போய்த் தாலி கட்டுறதோ?" என்று செல்வநாயகம் சைக்கிளை இன்னும் மெதுவாக்கினான்.

பத்மாவதி இணுவில் கந்தனை வேண்டிக்கொண்டாள். அப்போதுதான் பின்னால் வைக்கோல் மலைபோல ஏற்றிய ஒரு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் மண்ணெண்ணெய்ப் புகையோடு இருமிக்கொண்டு வந்தது. ஓட்டியவர் அச்சுவேலி டானியல்.

"கலியாண ஆக்களே? வைக்கலுக்குப் பின்னாலை ஒட்டிக்கொண்டு வாங்கோ. காத்துப் படாது!"

வைக்கோலின் மறைவுக்குள் போனதும் யாரோ காற்றின் கதவைச் சாத்திவிட்டதுபோல இருந்தது. சைக்கிள்கள் வழுக்கிக்கொண்டு ஓடின. டானியலோ தன் வேகத்தைப் பாராமல், திரும்பித் திரும்பி ஏரம்புவின் வேகத்தைப் பார்த்து ஓட்டினார். மணிக்குப் பத்துக் கட்டை.

அச்சுவேலிச் சந்தியில் அவர் தன் வீட்டுப் பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை.

"அண்ணை, உங்கடை வீட்டுப் பாதை!" என்று பத்மாவதி கத்தினாள்.

"மாடு கொஞ்சம் பிந்திச் சாப்பிடட்டும் தங்கச்சி!"

சரியாக எட்டரைக்கு இணுவில் பந்தல் தெரிந்தது. மாப்பிள்ளையின் காலைக் கழுவச் செம்போடு நின்றவன் மணப்பெண்ணின் தம்பி. அவன் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தான். "அத்தான், தலையையும் கழுவவேணும் போலை. வைக்கல் போராய்க் கிடக்கு!" பந்தல் முழுக்கச் சிரித்தது. தாலி ஒன்பது முப்பத்தைந்துக்கு ஏறியது. முதற்பந்தியில் டானியல் ஏரம்புவுக்குப் பக்கத்தில் இருந்து இரண்டாம் தரமும் பாயசம் வாங்கினார்.

பின்னேரம் கால்மாறும் முறைப்படி மணமக்கள் மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்பட்டார்கள்.

"இனிக் காத்து முதுகிலை. ஒண்டரை மணித்தியாலம்," என்றாள் பத்மாவதி.

மூன்று மணித்தியாலம் சென்றது. அச்சுவேலிச் சந்தியில் டானியலின் மனைவி வினிபிரட் நின்று மறித்து, புதுப் பொம்பிளையைப் பார்க்காமல் விடமாட்டேன் என்று வீட்டுக்குக் கூட்டிப்போய் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். பத்மாவதி, கலியாண வீட்டிலிருந்து கொண்டுவந்த பலகாரத்தை அவிழ்த்துவைத்தாள். மணிக்கூட்டை அவள் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டிருந்தாள்.