மொரிஸின் வயிற்றுக்குள்

மடவளையில் பார்மசி வைத்திருக்கும் நஸீபுக்கு இரண்டு வருடமாக ஒரே பைத்தியம், போர்டிகோவில் நின்ற பழைய மொரிஸ் மைனர். எஞ்சினைக் கழற்றிப் பூட்டினான், சீட்டுகளுக்குப் புது உறை தைப்பித்தான், கடைசியில் இளம் பச்சையில் பெயின்டும் அடிப்பித்துவிட்டான். பெயின்ட் காய்ந்த அன்று மனைவி றலியா காரைச் சுற்றி ஒரு தரம் நடந்துவிட்டு, "உங்களவிட இவர் ஷோக்கா ஈக்கிறாரு" என்றாள். நஸீபுக்கு அதுவே போதுமாக இருந்தது.

றலியா கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கமெரா வைத்த குழாயை உள்ளே விட்டு நோயாளிகளின் குடலைப் பார்க்கும் பிரிவில் வேலை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்த நஸீப், டயர் மாற்றுவதற்காக ஜெக் வைத்துக் காரைத் தூக்கியிருந்தான். தேத்தண்ணியோடு வந்த றலியா, திறந்து கிடந்த கதவை இடுப்பால் தள்ளினாள். அது மூடவில்லை.

"நேத்து நல்லா மூடிச்சே?"

"ஜெக்ல நிக்குதுல்லா, அதான்."

"ஜெக்ல நின்டா கதவு ஏன் இறுகணும்?"

நஸீப் தேத்தண்ணியை வாங்கி ஓரமாக வைத்தான். ஜெக்கை இறக்கினான், கதவு மூடியது. மறுபடி தூக்கினான், இறுகிக்கொண்டது. அடியில், ஜெக் முட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு நேர் கீழே, தரையில் கபில நிறத்தில் ஏதோ உதிர்ந்து கிடந்தது.

"பழைய மண்ணு," என்றான் அவன்.

றலியா அதைக் கிள்ளி எடுத்து உள்ளங்கையில் தேய்த்தாள். "மண்ணு இப்பிடிச் செதில் செதிலா ஈக்காது."

அடுத்த நாள் வேலை முடிந்து வரும்போது, போனில் பூட்டிப் பார்க்கும் மெல்லிய வயர் கமெரா ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். காருக்கடியில் சாக்கு விரித்து இருவரும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டார்கள். உடம்பு முழுவதையும் தாங்கி நிற்கும் செஸியின் இரும்புச் சட்டம் உள்ளே வெற்றாக, நீளப் பெட்டி மாதிரி இருக்கும். அதன் பக்கவாட்டில் இருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, றலியா கமெராவை மெதுவாக உள்ளே விட்டாள்.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்க, இப்ப முடிஞ்சிரும்," என்று காருக்குச் சொன்னாள். வார்ட்டில் பேசும் அதே குரல். நஸீபுக்குச் சிரிப்பு வந்தது.

போனில் படம் தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வெளியே கண்ணாடி மாதிரிப் பளபளத்த காரின் உள்ளே, துரு மரப்பட்டை போல அடுக்கடுக்காக எழும்பி நின்றது. இன்னும் உள்ளே போனால் கறுப்பாக ஒரு பொதி. முன்பு யாரோ ஓட்டை விழுந்த இடத்தில் தேங்காய்நார்த் தும்பைத் தாரில் தோய்த்து அடைத்து, மேலே தகடு வைத்து மறைத்திருந்தார்கள். தும்பு மழைத் தண்ணீரை எல்லாம் குடித்துக்கொண்டு உள்ளேயே கிடந்திருக்கிறது. ஜெக் தூக்கும்போது வளைந்து கதவை இறுக்கியது இந்த உளுத்த சட்டம்தான்.

"எண்ணெய் ஊத்தி விட்டா நிக்காதா?" என்று கேட்டான்.

"நிக்காது. வெட்டித்தான் எடுக்கணும்."

"வெட்டினா பெயின்ட் போயிரும், றலியா."

அவள் கமெராவைச் சுருட்டி எடுத்துக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டில் அவன் சோற்றை அளைந்துகொண்டே இருந்தபோதுதான் கேட்டாள். "ஹேவாஹெட்டப் பக்கம் என்னக் கூட்டிப் போறதாச் சொன்னீங்க. அந்த மலை வளைவுகள்ல பெயின்டப் பாப்பீங்களா, பக்கத்தில ஈக்கிற என்னப் பாப்பீங்களா?"

"ரோட்டப் பாப்பேன்," என்றான் நஸீப்.

அவள் சிரித்தாள். அவனும் சிரித்து, கறியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வத்தேகமயில் வெல்டிங் வேலை செய்யும் கணேஸ் பாஸின் கராஜுக்குக் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கணேஸ் சின்னச் சுத்தியலால் அடியெல்லாம் தட்டிப் பார்த்தார். நல்ல இடத்தில் கணீரென்றது, கெட்ட இடத்தில் நனைந்த மட்டையைத் தட்டுவதுபோலச் சத்தமே இல்லை.

"வண்டி நல்ல வண்டிங்க, நானா. இந்த ஒரு பக்கந்தான் துரு தின்னுருக்கு. பயப்படாதீங்க, செஞ்சிரலாம்," என்றார் நஸீபிடம்.

வெட்டும்போது உடம்பு தொய்ந்துவிடாமல் இருக்க, கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி பிடித்து, நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தார். கிரைண்டர் சத்தம் எழும்பியதும் நஸீப் எழுந்து வாசல் கேற்றடிக்குப் போய்விட்டான். திரும்பி வந்தபோது கதவுக்குக் கீழே பச்சை பெயின்ட் கொப்புளித்துக் கருகியிருந்தது. றலியா கையுறையோடு குந்தியிருந்து, ஈரத் தும்பைப் பிடி பிடியாக வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"மிஸ் நம்ம கராஜுக்கே வந்திரலாம்," என்றார் கணேஸ்.

கெட்டது முழுவதையும் வெட்டி எறிந்து, அதே பெட்டி வடிவில் புது இரும்பை மடித்து கணேஸ் வெல்டிங் பிடித்தார். சுற்றியிருந்த துருவை, வெள்ளை இரும்பு தெரியும்வரை நஸீப் தானே தேய்த்தான். முகமெல்லாம் கபிலம். றலியா தன் முந்தானையால் அவன் இமையைத் துடைத்துவிட்டாள்.

கடைசி வேலை, சட்டத்துக்குள்ளே துரு பிடிக்காமல் தடுக்கும் மெழுகு அடிப்பது. நீளக் குழாயை நஸீப் பிடித்தான். இன்னொரு ஓட்டை வழியாகக் கமெராவை விட்டு றலியா வழி சொன்னாள்.

"இன்னும் உள்ளுக்கு. கொஞ்சம் திருப்புங்க. மூலை காஞ்சி போய் ஈக்கு. ஆ, அங்கதான். நிப்பாட்டுங்க."

மெழுகு கீழ் ஓட்டைகளில் வடிந்தபோது அவன் விரலால் அடைக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்தாள். "அத அடைக்க வேணாம். தண்ணி வந்தா போக வழி வேணும்."

ஜெக்கில் தூக்கி வைத்துக்கொண்டே கணேஸ் கதவைச் சாத்தினார், அது சொன்னபடி கேட்டது. கருகிய இடத்துக்குத் திரும்ப அடித்த பச்சை மட்டும் ஒரு பொட்டு அடர்த்தியாகப் போய்விட்டது.

"தெரியுதா?" என்று கேட்டான் நஸீப்.

"தெரியுது," என்றாள். "எனக்கு இந்தப் பச்சதான் புடிச்சிருக்கு."

கராஜிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அன்று காலை டியூட்டி பார்த்துவிட்டு நேரே வந்திருந்த றலியா, வத்தேகம டவுன் தாண்டுவதற்குள் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள். நஸீப் மெதுவாக ஓட்டினான். பின்னால் வந்த பஸ்கள் ஹோர்ன் அடித்து முந்திக்கொண்டு போயின. மடவளை வந்தது, வீட்டுக்குத் திரும்பும் சந்தியும் வந்தது. வீட்டில் நிறுத்தினால் எழும்பிவிடுவாள் என்று தோன்றியது. அவன் திரும்பாமல் நேரே கட்டுகஸ்தோட்டைப் பக்கம் விட்டான்.