மார்க்கண்டருக்கு ஒரு கட்டம்

வங்களாவடிச் சந்தியில் மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த அந்த ஸ்டூடியோவில் கணினி ஒன்று, கதிரை ஒன்று, கொள்கை இரண்டு இருந்தன.

முதற் கொள்கை முதலாளி நிருபனுடையது. ஒருவரை ஒரு வீடியோவிலிருந்து வெட்டி இன்னொரு வீடியோவில் நிறுத்துவதென்றால் லேயர்தான். லேயர் என்றால் அடுக்கு. அடியில் மணவறை, அதற்கு மேல் ஓர் ஆள், அவருக்கு மேல் இன்னோர் ஆள். மேல் அடுக்கில் இருப்பவர் முன்னுக்குத் தெரிவார். பதினைந்து வருடமாக அவன் தீவகத்துக் கலியாணங்களை இப்படித்தான் அடுக்கி வந்தான்.

இரண்டாவது கொள்கை கம்சிகாவுடையது. அவளுக்குக் கதிரை கிடையாது. ஜன்னலோரம் நின்றபடி அல்பங்களுக்குப் படம் ஒட்டுவது அவள் வேலை. நிருபன் கமெராவோடு வெளியே போகும் நாட்களில் அந்தக் கதிரையில் குந்தி, இலவசமாகக் கிடைத்த நோட், அதாவது கணு, மென்பொருளொன்றை இறக்கிப் பழகிவிட்டாள். அதில் அடுக்கு இல்லை. ஆளுக்கொரு சின்னக் கட்டம், கட்டத்துக்குக் கட்டம் ஒரு கம்பி. கம்பியை எங்கே கொழுவுகிறோமோ அங்கே ஆள் போய் நிற்பார்.

"வயறிங்காரன் கீறின படம் மாதிரிக் கிடக்கு உது," என்றான் நிருபன், முதன்முதல் அதைக் கண்டபோது.

"நீங்கள் அடுக்கிறது உடுப்பு அலுமாரி மாதிரிக் கிடக்கு, அண்ணை. அடியில கிடக்கிற சட்டையை எடுக்க எல்லாத்தையும் கலைக்க வேணும்."

சொன்ன பிறகு அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நிருபன் அதை விடுவதாயில்லை.

"சரி. கமலாதேவி அக்கா வீட்டு வேலையை ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் செய்வம். அவ என்ரையை எடுத்தா உம்மட நோட்டை இண்டைக்கே அழிச்சுப்போட வேணும். உம்மடையை எடுத்தா, உந்தக் கதிரை உமக்கு."

கமலாதேவி வீட்டு வேலை இதுதான். மகள் பிரியவதனியின் கலியாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் பதினொரு பேரால் வர ஏலவில்லை. ஆனால் அறுகும் அரிசியும் தூவி வாழ்த்தும் அறுகரிசியைப் போடாமல் விட மனமும் இல்லை. ஆகவே பதினொரு பேரும் தங்கள் தங்கள் வீட்டில் பச்சைத் துணிக்கு முன்னால் நின்று, வெறும் காற்றுக்கு அறுகரிசி போட்டுப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். அவர்களைப் பொம்பிளை மாப்பிளைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் கமலாதேவியின் தம்பி நிமலன், பாஸ்மதி அரிசியை ஒரு கிலோவாவது எறிந்திருந்தார். கமலாதேவியின் புருசன் மார்க்கண்டரின் தங்கை, பாரிசில் இருக்கும் புவனலோஜினி, பச்சைத் துணிக்குப் பதிலாகப் பச்சைப் பட்டுச்சேலையொன்றைத் தொங்கவிட்டிருந்தா. பச்சையை நீக்கியதும் சரிகைக் கரை மட்டும் அவவின் தலைக்கு மேலே அந்தரத்தில் மிதந்தது. அதை அழிக்கக் கம்சிகாவுக்கு ஒரு முழுநாள் போனது.

சனிக்கிழமை காலை கமலாதேவியும் புருசன் மார்க்கண்டரும் வந்தார்கள். கமலாதேவிக்குக் கதிரை கொடுக்கப்பட்டது. மார்க்கண்டர் நின்றார். நிருபன் தன் வேலையை முதலில் போட்டான்.

வீடியோ நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் கமலாதேவி வீடியோவைப் பார்க்கவில்லை. திரையின் கீழே லேயர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பெயரோடு கிடந்த பட்டியலைப் பார்த்தா.

"தம்பி, இது ஆர் எழுதின லிஸ்ட்?"

"அது லேயர், அக்கா."

"என்னவோ. பொம்பிளையின்ர தாய்மாமன் நிமலன் ஒன்பதாவதிலயும் மச்சாள் புவனலோஜினி ரெண்டாவதிலயும் ஏன் கிடக்கினம்? கலியாணக் கார்டில கூட நாங்கள் அப்பிடி அடிக்கேல்லை."

"அது மரியாதை வரிசை இல்லை, அக்கா. ஆர் ஆருக்கு முன்னால தெரியிறது எண்டதுக்கு..."

"அப்ப மச்சாள்தான் முன்னால நிக்கிறாவோ?"

நிருபன் நிமலனைப் பிடித்து மேலே இழுத்து விட்டான். நிமலன் முன்னுக்கு வந்து மாப்பிள்ளையின் முகத்தை மறைத்தார். ஆனால் நிமலனின் நிழல் வரவில்லை. அது வேறு லேயர். அது புவனலோஜினியின் காலடியிலேயே கிடந்தது.

"என்ர தம்பியின்ர நிழல்கூட அவவின்ர காலில விழக் கூடாது," என்றா கமலாதேவி.

"என்ர தங்கச்சியின்ர காலுக்கு என்னவாம் குறை?" என்றார் மார்க்கண்டர். நிமலனும் புவனலோஜினியும் எல்லை வேலியில் நட்ட ஒரு கதியாலை வைத்துப் பன்னிரண்டு வருடமாகக் கதைப்பதில்லை. புவனலோஜினியை முதலாவதாக்கச் சொன்னார் அவர். ஆக்கியதும் கமலாதேவி மாற்றச் சொன்னா. நாலாம் தரம் மாற்றியபோது நிழல்கள் எல்லாம் சொந்தக்காரர்களை விட்டுவிட்டு மணவறைக்குப் பின்னால் ஒரு மூலையில் கூடி நின்றன.

"பிள்ளை, நீயும் ஏதோ செய்தனியாம்," என்று கமலாதேவி கம்சிகாவைப் பார்த்துத் திரும்பினா.

கம்சிகா வீடியோவையும் அதன் கம்பிப் படத்தையும் திறந்து காட்டினாள். கமலாதேவி எழுந்து திரைக்குக் கிட்டப் போனா. ஒவ்வொரு கம்பியாக விரலால் தடவிக்கொண்டு போனா.

"ஆர் ஆருக்கு என்ன முறை எண்டு கீறியிருக்கிறியோ? லண்டன் சித்தப்பா இதால வாறார். நோர்வே மாமி இதால வாறா. இதில மேல கீழ இல்லையோ?"

"இல்லை, அன்ரி. எல்லாரும் ஒரு இடத்துக்குத்தான் வருகினம்."

விரல் சட்டென்று நின்றது. "தம்பியும் மச்சாளும் ஏன் இந்த ஒரு கட்டத்துக்குள்ள போயினம்?"

கம்சிகா குனிந்து அந்தக் கட்டத்தைக் காட்டினாள். "அது... ரெண்டு பேரும் வெள்ளை வெளிச்சத்தில நிண்டு எடுத்திருக்கினம். மணவறை மஞ்சள் வெளிச்சம். ரெண்டு பேரையும் சேர்த்து மஞ்சளாக்கினனான்."

"சேர்த்தோ!"

நிருபனின் முகத்தில் லேசான சிரிப்பு வந்தது. கம்சிகா அதைக் கண்டாள். மஞ்சள் கட்டத்தை இன்னொன்றாகப் பிரதி பண்ணினாள், நிமலனின் கம்பியைக் கழற்றினாள், அதில் கொழுவினாள். மூன்று செக்கன். நிழலின் கம்பியும் நிமலனுக்குப் பின்னாலேயே ஓடிப் போனது. வீடியோவில் ஒரு அரிசிமணிகூட அசையவில்லை.

"இனி அவர் பாட்டுக்கு அவர், அவ பாட்டுக்கு அவ," என்றாள்.

கமலாதேவி மெல்லத் தலையாட்டினா. எல்லாம் முடிந்தது என்று கம்சிகா மூச்சு விடப் போன நேரம் மார்க்கண்டர் செருமினார்.

"பிள்ளை, என்ர கட்டம் எங்க?"

"நீங்கள் கலியாணத்துக்கு நேர வந்தனீங்கள், அங்கிள். மணவறையோடயே நிக்கிறீங்கள். வராத ஆக்களுக்குத்தான் கட்டம்."

"பொம்பிளையின்ர தகப்பன் நான். காசைக் குடுத்து, பந்தலைப் போட்டு, வந்தும் நிண்டு, எனக்கு ஒரு கட்டம் இல்லையோ? வராதவைக்கெல்லாம் கட்டம்!" அவர் விரலால் மேசையில் தட்டினார். "நான் இதை ஒப்புக்கொள்ளமாட்டன்."

நிருபன் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தான். கம்சிகா திரையையே பார்த்தாள். பிறகு கடைசியாக ஒரு வெறுங் கட்டம் போட்டு, மார்க்கண்டர் என்று பெயரெழுதி, எல்லாக் கம்பிகளும் சேர்ந்து வெளியே போகும் வழியில் கொழுவினாள்.

"இப்ப ஒருத்தராலையும் உங்களுக்குள்ளால போகாமல் வெளியில போகேலாது, அங்கிள்."

மார்க்கண்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். நெஞ்சு நிமிர்ந்தது. "அங்க நிண்டு நான் என்ன செய்யிறன்?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஒண்டும் செய்யேல்லை. வாறதை வந்த மாதிரியே விடுறீங்கள்."

"சரியாத்தான் போட்டிருக்கிறாள்," என்றா கமலாதேவி. "முப்பது வருசமா வீட்டிலயும் இதுதான்." உடனே நிருபன் பக்கம் திரும்பினா. "தம்பி, வீடியோ இதுதான். இந்தக் கம்பிப் படத்தையும் பெரிசாப் பிறின்ற் எடுத்து அல்பத்தில முதல் பக்கத்தில போடும். ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் ஒவ்வொண்டு."

அவர்கள் படியிறங்கியதும் நிருபன் கதிரையிலிருந்த தன் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். கம்சிகா இருப்பதா விடுவதா என்று தெரியாமல் கதிரையின் விளிம்பில் இருந்தாள். அவன் ஜன்னலோரம் போய், அல்பத்தைப் பார்த்தான், திரும்பி வந்தான்.

"நாளையான் சாமத்திய வீட்டு நீராட்டுக்கு வராத ஆக்கள் இருபத்திரண்டு பேராம்," என்றான். "தள்ளி இரும். முதல் கம்பியை எங்க பிடிக்கிறது?"