மூன்றாம் நம்பர் மெஷினும் நான்கு இஸ்பேட்டுகளும்

17.8.1997, ஞாயிறு. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு பிழை இருக்கிறது. ‘இன்று ஜெயித்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். ஜெயிக்கவில்லை.

1

இந்தக் கதை அந்த ஒரு வரியிலிருந்துதான் வருகிறது. டைரியில் அதை அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதினால் வேலை முடிந்தது. ஆனால் டைரியில் திருத்தினால் அது ஒப்புக்கொண்டதாகிவிடும். கதையாக எழுதினால், யாராவது கேட்கும்போது ‘கற்பனைதானே’ என்று சொல்லிவிடலாம். மாலையில் பூசைக்கு முன்பு சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யலாம் என்று கோவிலுக்குச் சீக்கிரமே போனேன். வரிசையில் நாலு பேர் நின்றார்கள். அதைச் சாக்காக வைத்துத் திரும்பிவிட்டேன். ஆகவே வாசகரே, அவருக்குப் பதில் நீங்கள்.

என் பெயர் மரிய ஜெரால்டு. வயது இருபத்திரண்டு. காரைக்குடியில் தேனம்மை ஆச்சி நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மாலை ஆறு மணி வகுப்பு. இதை அங்கேதான், மூன்றாம் நம்பர் மெஷினில் அடித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பழகுவதற்கு ஆச்சி சாவி கொடுத்திருக்கிறார்கள். வரி முடிய ஏழு எழுத்து இருக்கும்போது இந்த மெஷினில் [மணி] மணி அடிக்கும். அது அடித்த இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன். எல்லா இடத்திலும் இல்லை, உறுத்திய இடங்களில் மட்டும்.

2

தொடக்கத்தை மூன்று தடவை எழுதிப் பார்த்தேன்.

‘காரைக்குடியின் கொளுத்தும் வெயிலில் இரண்டு இளைஞர்கள் எதிரெதிரே’ – நாங்கள் ஆடியது மாலை ஏழு மணிக்கு. மாடியறையில். ஃபேன் ஓடியது.

‘வாழ்க்கையே ஒரு சீட்டாட்டம் என்று’ – இப்படித் தொடங்கும் கதையை நானே மூடி வைத்துவிடுவேன்.

‘இன்ஸ்டிட்யூட்டில் பதினொரு மெஷின்கள் இருந்தன, தமிழ் ஹையர் பரீட்சைக்குத் தகுந்தவை இரண்டு.’ இதில் பொய் எதுவும் இல்லை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

பரீட்சைக்கு மெஷினை நாமே கொண்டுபோக வேண்டும். மாதக் கடைசியில் தட்டு வண்டியில் ஏற்றி, கயிறு கட்டி, தேர்வு நடக்கும் கல்லூரிக்கு அனுப்புவார்கள். தகுந்த இரண்டில் மூன்றாம் நம்பர் வெண்ணெய் மாதிரி ஓடும். ஏழாம் நம்பரும் ஓடும், ஆனால் மணி அடிக்காது. மணி அடிக்காவிட்டால் வரி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காகிதத்தைத் தாண்டி உருளையின் மேலேயே அடித்துக்கொண்டு போவோம். பிப்ரவரி மாதத் தேர்வில் உடையப்பன் அப்படித்தான் போனான். மூன்று மார்க்கில் பெயில்.

உடையப்பன் என்னுடன் படிப்பவன். மானகிரியில் நிலம் உள்ள குடும்பம். “இந்தத் தடவையும் போச்சுன்னா டிராக்டர்ல ஏறிருன்னு அப்பா சொல்லிட்டாருப்பா” என்றான். எனக்கோ, ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை காலியாக இருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் மூன்றாம் நம்பர் வேண்டும்.

ஜூலை முதல் வாரம் ஆச்சி கறாராகச் சொல்லிவிட்டார்கள். “எங்கிட்ட வந்து நிக்காதீக. ரெண்டு பேரும் பேசி முடிங்க. ஆகஸ்டு பதினெட்டு, திங்கக்கிழமை காலையில மெஷின்ல யாரு பேரு ஒட்டியிருக்கோ அவுகளுக்குத்தேன். அப்புறம் அந்தச் சீட்டை நான் கிழிக்க மாட்டேன்.”

3

பூவா தலையா போட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. அதைக் கெடுத்தவர் கோபிநாத் அண்ணன். இன்ஸ்டிட்யூட்டுக்கு மேல்மாடியில் வீடியோ கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்பு சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் உல்லாசக் கப்பலில் இரண்டு வருடம் போட்டோ எடுத்தவர்.

“காசைச் சுண்டுறதுல என்னடா இருக்கு? அது அதிர்ஷ்டம். கப்பல்ல ஒமஹான்னு ஒரு சீட்டாட்டம் ஆடுவாய்ங்க. முழுக்க மூளை. ஆடுனதை வீடியோ எடுத்து, மறுநாள் போட்டுப் பாத்து, எங்க தப்பு விட்டோம்னு படிப்பாய்ங்க. ஆறு வாரம் பழகுங்க. பதினாறாந் தேதி சனிக்கிழமை கடைசி ஆட்டம். யாரு ஜெயிக்கிறாகளோ அவுகளுக்கு மெஷின்.”

விதிகளை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் பக்கம், முதல் விதி, சிவப்பு மையில் அடிக்கோடு: ‘ஆளுக்கு நாலு சீட்டு கையில். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு நடுவில். கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று. அந்த ஐந்துதான் கணக்கு. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.’

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. [மணி]

பந்தயத்துக்குப் பணம் கிடையாது. உடைத்துப் போட்ட பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய எழுத்துப் பொத்தான்கள், ஆளுக்கு இருபது. ‘ஃ’ மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஐந்து மதிப்பு என்று அண்ணன் தீர்ப்புச் சொன்னார்.

4

ஆடுவது சனிக்கிழமை, பார்ப்பது செவ்வாய்க்கிழமை. கல்யாண கேசட்டில் மிச்சமிருந்த நீளத்தில்தான் எங்கள் ஆட்டத்தைப் பதிவு செய்தார் அண்ணன். அதனால் ஒவ்வொரு பாடமும் நாதஸ்வரத்தில் தொடங்கும். பந்தி நடக்கும், யாரோ ஒரு பெரியவர் ரசம் கேட்பார், சட்டென்று என் மூக்கு வரும். அண்ணனுக்குச் சீட்டைக் காட்டத் தெரியாது, முகத்தைத்தான் காட்டத் தெரியும். நல்ல கட்டம் என்று தோன்றினால் இதய வடிவச் சட்டம் போட்டு அதற்குள் எங்களை வைத்துவிடுவார்.*

* நான்காவது கேசட்டில் நானும் உடையப்பனும் ஒரே இதயத்துக்குள் இருக்கிறோம். அதை அழிக்கச் சொல்லி இருவரும் மனுக் கொடுத்தோம். நிராகரிக்கப்பட்டது.

இருந்தாலும் படித்தேன். பதினேழு பக்கம் குறிப்பு. எந்தச் சீட்டுகள் வந்தால் ஆரம்பத்திலேயே கீழே வைத்துவிட்டு விலக வேண்டும், எதிராளி பொத்தானைத் தள்ளும்போது எவ்வளவு யோசிக்கிறான், எல்லாம் நேரம் போட்டு எழுதினேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமை ஒரு புதையல் கிடைத்தது. நல்ல சீட்டு வந்தால் உடையப்பன் ஆள்காட்டி விரலால் விரிப்பின் மேல் பிள்ளையார் சுழி போடுகிறான். நல்ல காரியம் தொடங்கும்போது போடுகிற பழக்கம், விரல் தானாகப் போடுகிறது. ஒன்பது தடவை போட்டான். ஒன்பதிலும் பெரிய சீட்டு.

இரண்டு வாரம் அதை ரகசியமாக வைத்து ஜெயித்தேன். பொறுக்க முடியாமல் ஐந்தாவது வாரம் அவனிடமே சொல்லிவிட்டேன்.

அவன் சிரித்தான். “அடப் போடா. ஏஸ் வந்தா நீ கட்டைவிரலால நெத்தியில சிலுவை போட்டு முத்தம் கொடுக்குறியே, அது மட்டும் என்னவாம்? நீ சிலுவை போட்டாலே நான் சீட்டை வச்சுட்டு டீ குடிக்கப் போயிருவேன்.”

கேசட்டை ஓட்டிப் பார்த்தோம். பதினொரு சிலுவைகள். இரண்டு வாரமாக அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்த நான், என் கையை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

5

இந்த இடத்தில் ஒரு சந்தேகம். முதல் வரைவில் உடையப்பனை முரடனாக எழுதியிருந்தேன். பல்லைக் கடிப்பான், பொத்தான்களை விசிறியடிப்பான். அப்படி இருந்தால் அவனிடமிருந்து மெஷினை எடுத்துக்கொள்வது எனக்கு எளிது. கேசட்டில் தேடிப் பார்த்தேன். அவன் பல்லைக் கடித்தது ஒரே தடவை, அதுவும் முறுக்கு. பாத்திரத்தை மாற்ற வேண்டியதாயிற்று.

இனி நேற்றைய ஆட்டம்.

ஆச்சி எட்டு மணிக்குக் கதவு பூட்டுவார்கள். ஏழு ஐம்பதுக்கு இருவரிடமும் கிட்டத்தட்டச் சமமாகப் பொத்தான்கள். கடைசிச் சுற்று. சிலுவை போட்டுவிடுவேனோ என்று வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

நடுவில் வந்தவை: இஸ்பேட் ராஜா, ஒன்பது, ஆறு, இரண்டு, கூட ஒரு டைமன் எட்டு. நான்கு இஸ்பேட்! என் கையில் இஸ்பேட் ஏஸ். அதனுடன் டைமன் ஏஸ், இன்னும் இரண்டு உதவாத சீட்டுகள்.

உடையப்பனின் விரல் சுழி போட்டது. பார்த்தேன். அவனிடம் பெரிய சீட்டு இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் ஐந்தும் ஒரே ரகமாக வரும் ஃபிளஷ் அதைவிடப் பெரிது. பதினேழு பக்கப் படிப்பும் சேர்ந்து ‘தள்ளு’ என்றது. ‘ஃ’ உட்பட எல்லாவற்றையும் இடது கையால் தள்ளினேன். அவனும் தள்ளினான்.

அவன் காட்டினான்: கையில் இரண்டு ஒன்பது. நடுவிலிருந்ததோடு சேர்த்து மூன்று ஒன்பது.

“ஃபிளஷ்! ஏஸ் இஸ்பேட்!” என்று கத்தினேன்.

அண்ணன் கேமராவை முகத்திலிருந்து எடுக்காமலே “அடி சக்கை!” என்றார். உடையப்பன் கொஞ்ச நேரம் சீட்டையே பார்த்தான். பிறகு எழுந்து கீழே இறங்கிப்போய், மூன்றாம் நம்பரின் மேலுறையை எடுத்துவந்து என் கையில் கொடுத்தான். “நல்லா ஆடுன மாப்ள.” [மணி]

6

இன்று காலை எழுந்ததும் நேராக அண்ணன் கடைக்குப் போனேன், பதினெட்டாம் பக்கம் எழுதுவதற்கு. தலைப்பையும் முன்பே எழுதி வைத்திருந்தேன்: ‘எப்படி ஜெயித்தேன்’.

எழுதும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு கட்டம் போடுவது என் முறை. ஒன்றில் கையிலிருந்து எடுத்த இரண்டு, மற்றதில் நடுவிலிருந்து எடுத்த மூன்று. நடுவிலிருந்து மூன்று இஸ்பேட் எழுதினேன். கையிலிருந்து இஸ்பேட் ஏஸ் எழுதினேன். அடுத்த இஸ்பேட்டைத் தேடினேன். என் கையில் வேறு இஸ்பேட் இல்லை. நடுவில் நான்கு, கையில் ஒன்று; நான் கத்தியது அந்த ஐந்தைப் பார்த்து. சரியாக எண்ணினால் என்னிடம் இருந்தது வெறும் இரண்டு ஏஸ். மூன்று ஒன்பது அதைவிடப் பெரிது.

சிவப்பு மை அடிக்கோடு போட்ட விதி.

கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபடியும். ஆறாவது தடவையில் வேறொன்றைப் பார்த்தேன். நான் கத்தியபின் உடையப்பன் குனிந்து, உதட்டை அசைத்து, விரலால் சீட்டுகளை எண்ணுகிறான். நடுவில் மூன்றைத் தொடுகிறான். என் சீட்டுகளுக்கு வருகிறான். ஏஸ் மேல் விரல் நிற்கிறது. அடுத்து எங்கே போகிறது என்பதுதான்–

“டேய் உடையப்பா, இங்குட்டுத் திரும்பு! தோத்த மூஞ்சி வேணும்!” கேசட்டில் அண்ணன் குரல். திரை முழுவதும் உடையப்பன் முகம். இதயச் சட்டம்.

விரல் தெரியவில்லை.

“என்னடா அதையே திருப்பித் திருப்பிப் பாக்குற? கேசட்டு தேஞ்சுறப் போகுது.” அண்ணன் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சும்மாதேண்ணே. லைட்டிங் நல்லா இருக்கு.”

“பாத்தியா! இதைச் சொல்லத்தேன் இந்த ஊருல ஒரு ஆளு இல்ல. சரி, எடுத்து வையி. நாளைக்கு அமராவதிபுதூர்ல கல்யாணம். அந்த கேசட்டு மேலதேன் எடுக்கணும்.”

ஆக, நாளைக் காலை தாலி கட்டும்போது என் தப்பின் மேல் அட்சதை விழுந்துவிடும்.

7

முடிவுகள். முதலாவது: வாயை மூடிக்கொள்கிறேன், பாஸாகிறேன், பள்ளி அலுவலகத்தில் முப்பத்தாறு வருடம் ஒவ்வொரு வரியிலும் [மணி]. வேண்டாம்.

இன்னொன்று: கொட்டும் மழையில் மானகிரிக்கு சைக்கிளை மிதிக்கிறேன், உடையப்பன் வாசலில் நிற்கிறான், இருவர் கண்ணிலும் – மழை இல்லை. மேகம்கூட இல்லை. சைக்கிளும் பஞ்சர்.

மூன்றாவதுதான் என்னைத் தூங்கவிடாது. அவனுக்குத் தெரியும், தெரிந்தே மேலுறையை என்னிடம் கொடுத்தான். இது உண்மையானால் கதை அவனுடையதாகிவிடும், நான் துணைப்பாத்திரம். பொய்யானால் அவன் என்னைப் போலவே எண்ணத் தெரியாதவன். எதை எழுதினாலும் ஊகம். அண்ணன் விரலைக் காட்டியிருந்தால் இந்தக் கதை இரண்டு பக்கம் குறைந்திருக்கும்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அவனுக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் மூன்று ஒன்பது மூன்று ஒன்பதுதான்.

8

இந்தப் பகுதியை ஏழாம் நம்பரில் அடிக்கிறேன். எழுந்துபோய் இடம் மாறி உட்கார்ந்தேன். மணி இல்லை. இப்போதுதான் ஒரு வரி காகிதத்தைத் தாண்டிப் போய் உருளையில் ஏறிவிட்ட

மறுபடியும். இந்தத் தடவை ஒவ்வொரு தட்டலையும் எண்ணிக்கொண்டே அடிக்கிறேன். அறுபத்தைந்தில் நிறுத்தினால் ஓரம் சரியாக வருகிறது. ஐந்து வரியில் நாலு சரி. எண்ணிக்கொண்டே அடித்தால் வேகம் குறைகிறது. பதின்மூன்று நாளில் கூடுமா என்று தெரியவில்லை.

உடையப்பனிடம் சொன்னதும் அவன் என்ன செய்வான் என்று என்னைக் கேட்காதீர்கள். சிரிக்கலாம். ‘தெரியும்டா’ எனலாம். ஆறு வாரம் படித்ததற்கு இதுதானா என்று தலையில் ஒரு குட்டு வைக்கலாம். அந்தக் கட்டத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். நான் விரித்து வைத்ததிலிருந்து மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் கையிலிருந்து இரண்டு போடுங்கள். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நாளை, திங்கள்: காலை ஏழு மணிக்கு ஆச்சி கதவு திறக்கும்போது வாசலில் இருப்பது. மூன்றாம் நம்பர் மெஷினில் ‘மு. உடையப்பன்’ என்று எழுதிய சீட்டை ஒட்டுவது. ஏழாம் நம்பரில் என் பெயர். பசை வீட்டிலிருந்து எடுத்துப்போக வேண்டும். ஆச்சியின் புட்டி காய்ந்துவிட்டது.