இருபது தாள் இடைவெளி

புதிதாக வார்த்த கொங்கிறீற் கூரைக்குக் கீழே ஒரு முட்டுக்கால்கூட இல்லை. பேராசிரியர் நோர்மன் நேசையா சைக்கிளை ஸ்டாண்டில் விடவும் மறந்துபோய் கையை எடுத்தார். அது தடாலென்று விழுந்தது.

"ஆர் கழட்டினது?"

"நான்தான் சேர்," என்றார் கதிரவேலு. இணுவிலில் புகையிலைத் தோட்டம் செய்கிறவர். ஊர்கூடிக் கட்டும் இந்தப் பிள்ளைப்பேற்று அறை வேலைக்குத் தலைவர். "மார்கழி பிறக்க முன்னம் திறந்துபோட வேணும். இனி நல்ல நாளெண்டு கிடக்கிறது நாளையிண்டைக்குப் புதன்கிழமை மட்டும்தான்."

"இருபத்தொரு நாளெல்லோ சொன்னனான்! இண்டைக்கு ஒன்பதாம் நாள்."

"ஒன்பதும் நல்ல எண்தானெண்டு சாத்திரியார் சொன்னவர்."

சாத்திரியாருக்குக் கொங்கிறீற் தெரியாது. நேசையாவுக்கோ அதைத் தவிர வேறொன்றும் உருப்படியாகத் தெரியாது. வட்டுக்கோட்டையில் மிசன் பள்ளிக்கூடத்தில் படித்து, இங்கிலாந்து போய்க் கலாநிதியாகி வந்து, பன்னிரண்டு வருடம் ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிய மனிதர்: பழுதுபட்ட சீமெந்து எவ்வளவு தாங்கும்? யுத்தத்தால் சீமெந்துக்கும் எண்ணெய்க்கும் தடை வந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு ஊரில் மதிப்பு வந்தது. கட்டிபட்ட மூட்டைகளை உடைத்து அரித்து, ஒரு பங்குக்கு ஒன்றரைப் பங்காகச் சேர்த்து, இருபத்தொரு நாள் முட்டுக்கொடுத்து வைத்தால் கூரை நிற்கும் என்று கட்டுரை எழுதியிருந்தார்; இந்தக் கூரையும் அந்தக் கணக்கில் வார்த்ததுதான். அதையெல்லாம் ஆய்வுகூடத்தில் வார்த்த ஆறங்குலக் கட்டிகளை நசுக்கிப் பார்த்துத்தான் எழுதினார். அந்தக் கட்டிகளுக்குக் கீழே ஒரு தாயும் படுத்ததில்லை.

இந்தக் கூரைக்குக் கீழே முதலில் படுக்கப்போகிறவள் கதிரவேலுவின் மகள் பத்மாவதி. நிறைமாதம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாகனத்துக்கு எண்ணெய் கிடையாது என்றுதான் அறையே எழும்பியது.

"திருப்பி முட்டுக் குடுத்தாப் போச்சு," என்றார் மேசன் யாகப்பு.

"உள்ளுக்கை வெடிச்சிருந்தா முட்டுக் குடுத்து என்ன பிரயோசனம்? பாரம் ஏத்திப் பாக்கவேணும். நிண்டா திறவுங்கோ. நிக்காட்டி நானே உடைக்கச் சொல்லுவன்."

அளக்கிற கருவி ஒன்றும் அவரிடம் இல்லை. பாரத்துக்குத் தண்ணீர், அளவுக்குப் பள்ளிக்கூடக் கொப்பித் தாள் என்று முடிவுசெய்தார். செவ்வாய் காலை யாகப்பு கூரையைச் சுற்றிச் செம்மண்ணால் வரம்பு கட்டினார். தோட்டக்காரர்கள் வரிசையாக நின்று வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீரை மேலே ஏற்றினார்கள். கூரையில் வெங்காயம் நடப்போகிறீர்களோ என்று தெருவால் போனவர்கள் கேட்டார்கள். உள்ளே, நடுக்கூரைக்கு நேர்கீழே, நேசையா ஒரு பனஞ்சலாகையை நிலத்தில் அசையாமல் நிறுத்தினார். அதன் நுனிக்கும் கூரைக்கும் இடையில் இருபது தாள் மட்டுமட்டாகப் போனது. கூரை விழுந்தால் தாங்கட்டும் என்று, அதற்கு ஒரு சாண் கட்டையாக நாலு முட்டுக்கால்களையும் காவலுக்கு வைத்தார்.

ஆறங்குலம் தண்ணீர் நிறைந்ததும் பன்னிரண்டு தாள்தான் போனது. அது அவர் எதிர்பார்த்ததுதான். ஆனால் மத்தியானம் மழை பிடித்தது. கார்த்திகை மழை, சொல்லவா வேண்டும்! எட்டங்குல வரம்பும் நிரம்பி வழிந்தது.

"எல்லாரும் வெளியிலை போங்கோ," என்று கத்திவிட்டு அவர் உள்ளேயே நின்றார். கதிரவேலு வெளியே போனவர் திரும்பி வந்து பக்கத்தில் நின்றார்.

"உங்களையுந்தான் சொன்னனான்."

"கழட்டினவன் நான். விழுந்தா என்ரை தலையிலையும் விழட்டும்."

நேசையாவுக்குக் கோபம் பாதி அங்கேயே இறங்கிவிட்டது. தாளைச் செருகினார். எட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் பார்த்தார். அதே எட்டு. கூரை முனகவுமில்லை.

பாரம் ஒரு முழுநாள் நிற்கவேண்டும் என்றார் நேசையா; புதன்கிழமை நல்ல நேரம் கூரையில் குளம் நிற்கவே கழிந்துபோனது. அதன் பிறகுதான் யாகப்பு வரம்பை வெட்டிவிட்டார்.

"பன்னிரண்டு தாள் இறங்கினது. நாளைக்கிடையிலை ஒன்பது தாளெண்டாலும் திரும்பி ஏறவேணும்; பதினேழு போகவேணும்," என்றார் நேசையா. அன்று இரவு அவர் நித்திரை கொள்ளவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை, மார்கழி முதலாம் நாள் காலை, தாள்களை ஒவ்வொன்றாகச் செருகினார். பதினைந்து போனது. பதினேழு போனது. பத்தொன்பதும் போனது. இருபதாவது மட்டும் மாட்டேன் என்றது.

"என்ன சேர்?" என்றார் கதிரவேலு.

"நிண்டிட்டுது," என்றார் நேசையா. பன்னிரண்டு வருடப் பாரம் நெஞ்சை விட்டு இறங்க, சுவரில் சாய்ந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார்.

கதிரவேலு சால்வையால் முகத்தைத் துடைத்தார். "இனி மார்கழி. தையிலை திறப்பம்."

பத்மாவதியின் வயிற்றில் இருந்தது கலண்டர் பார்க்கவில்லை. மத்தியானமே பிள்ளைநோவு கண்டு அவளை மாட்டுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். மருத்துவிச்சி பெர்னடெட் வாசல் படலையிலேயே கத்தினாள்: "திறப்பு எங்கை? நாளும் கோளும் பிறகு பாக்கலாம்!" கதிரவேலு மடியில் இருந்த திறப்போடு ஓடினார்.

ஆண்கள் இருவரும் வெளியே நின்றார்கள். நேசையா கூரை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வீரிட்ட அழுகை கேட்டதும் கதிரவேலு அவர் கையைப் பிடித்தார்.

"சேர், சாதகத்துக்கு நேரம் குறிக்கவேணும். ஒரு தாள் கிடக்கோ?"

நாள், நேரம் எல்லாம் வெறும் பேய்க்கதை என்று ஆயுள் முழுவதும் சொல்லிவந்த பேராசிரியர், சட்டைப்பையில் இருந்த இருபதாவது தாளை உருவினார். மணிக்கூட்டைப் பார்த்தார். மார்கழி ஒன்று, மூன்று நாற்பத்திரண்டு என்று ஒரு நிமிடமும் பிசகாமல் எழுதிக்கொடுத்தார்.