மூடாத பிஸ்கட் டப்பா

எங்கள் பிஸ்கட் ஆலையின் மேலாளர் சீப்ரன் ஹாலந்துக்காரர். ஹாலந்துக்காரர்களைப் பற்றி பெல்ஜியத்தில் நாங்கள் சொல்லும் ஒரு கேலி உண்டு: காபியோடு ஒரே ஒரு பிஸ்கட் எடுத்துக் கொடுப்பார்கள், கொடுத்த கையோடு டப்பாவை மூடிவிடுவார்கள். வெறும் கேலி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அறிமுகத்துக்குப் போனேன். ஒன்று கொடுத்தார், டப் என்று மூடினார். டன் டன்னாகப் பிஸ்கட் சுடுகிற ஆலையில்!

அந்த டப்பா திறந்தே கிடந்த காலமும் வந்தது. ஆலைத் தேர்தலுக்கு முந்தைய வாரங்கள் அவை. நிர்வாகத்தோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேச ஆலைக் குழு என்று ஒன்று இருக்கிறது. அதற்குத் தொழிலாளர் தரப்பில் மூன்று பேரை நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்புவோம். போட்டியிட்டவர் ஜெயித்தாலும் தோற்றாலும் அவரை லேசில் வேலையை விட்டுத் தூக்க முடியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், வேட்பாளர் பெயர்கள் வெளியாகும் முன்பே அந்தப் பாதுகாப்பு தொடங்கிவிடும். யார் யார் நிற்கிறார்கள் என்பது சங்கத்துக்குத்தான் தெரியும், நிர்வாகத்துக்குத் தெரியாது. எனவே அந்த வாரங்களில் நிர்வாகம் எல்லோரையும் மாப்பிள்ளை வீட்டாரைப் போலக் கவனிக்கும்.

என் பெயர் கோதலீவ். பாக்கிங் பிரிவில் வேலை, பல தேர்தலாக ஆலைக் குழுவில் இடம். வேட்பாளர்களைச் சேர்ப்பது என் பொறுப்பு. சீப்ரன் என்னை வளையவளைய வந்தார்.

"மேடம், சும்மா ஒரு வார்த்தை. அடுப்புப் பக்கம் யாராச்சும் நிக்கிறாங்களா?"

"எல்லாருமே நிக்கிறாங்க சார். அங்க உட்கார நாற்காலியே கிடையாதே!"

"இது என்ன மேடம் சட்டம்? பேய் மாதிரி கண்ணுக்கே தெரிய மாட்டேங்குது. இந்தாங்க, இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கோங்க."

அடுப்புப் பக்கம் எனக்கு ஒருவனும் சிக்கவில்லை என்பதுதான் உண்மை. அங்கே வானஸ் என்று ஒருவன். ஐம்பது வயது, வாய் மட்டும் பதினெட்டு. நிற்கிறாயா என்று கேட்டதற்கு அடுப்பே அணைகிற மாதிரி சிரித்தான். ஒவ்வொரு கூட்டம் முடிந்து நான் வரும்போதும் அடுப்புக்கூடத்துப் பின்கதவில் சாய்ந்துகொண்டு வம்புக்கு இழுப்பான்.

"என்னக்கா, ரெண்டு காபி, மூணு கொட்டாவி, ஒரு கையெழுத்து. அவ்வளவுதானா?"

அந்த 'அவ்வளவுதானா'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வினை அந்தப் பின்கதவில்தான் வந்தது. அடுப்புச் சூடு தாங்காமல் குளிர்காலத்திலும் அதைத் திறந்து வைப்பார்கள். பக்கத்துக் கூடங்கள் குளிர்ந்துபோய் ஹீட்டர் செலவு ஏறுகிறது என்று சீப்ரன் அதைப் பூட்டச் சொன்னார். மறுநாள் காலை வானஸ் கதவைக் கீலோடு கழற்றித் தோளில் தூக்கிக்கொண்டு, பாக்கிங் கூடம் வழியாக ஊர்வலம் போனான். நேராக மேலாளர் அறைக்குள் நுழைந்து மேசைமேல் சாய்த்து வைத்தான்.

"உங்க கதவு சார். பத்திரமா வெச்சுக்கோங்க."

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஆலையே நின்று பார்த்தது. கதவுக்குப் பின்னால் சீப்ரன் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்!"

"தாராளமா அனுப்புங்க சார். ஆனா நான் தேர்தல்ல நிக்கிறேனா இல்லையான்னு யோசிச்சீங்களா?"

பிறகு கதவுக்கு மேலாக ஒரு கை நீண்டது. கையில் பிஸ்கட் டப்பா.

பாக்கிங் கூடத்தில் கைதட்டல் அடங்கவே இல்லை. நான் மட்டும் தட்டவில்லை. அவன் எங்கேயும் நிற்கவில்லை என்பது எனக்குத் தெரியும். பெயர்கள் வெளியாகிற அன்று குட்டு உடையும், அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வாயைத் தவிர அவனுக்குத் தெரிந்தது அடுப்பு ஒன்றுதான். ஐம்பது வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

பெயர் கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் உருளைக்கிழங்கு வறுவல் கடையில் என்னைப் பிடித்தான். கையில் தயிர்க்கட்டி வைத்துச் சுட்ட பெரிய டார்ட் கேக் ஒன்று. எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்க வருகிறவர்கள் அதைத்தான் வாங்கி வருவார்கள்.

"அக்கா, என் பேரையும் சேத்துக்கோயேன்."

"எதுக்குப்பா? ரெண்டு காபி, மூணு கொட்டாவிதானே?"

"குத்திக் காட்டாதக்கா. பொண்ணுங்க ரெண்டு பேரும் இன்னும் படிச்சு முடிக்கல. இந்த வேலை போச்சுன்னா நான் எங்க போவேன்?"

கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனசு இளகிவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. வறுவலை ஒவ்வொன்றாகச் சாசில் தோய்த்துத் தின்றேன்.

"பட்டியல்ல நடுவுல ஒரு இடம் இருக்கு, தரேன்."

"நடுவுல வேண்டாம்க்கா, எல்லாரும் சிரிப்பாங்க. கடைசியில போடு. ஒரு ஓட்டுகூட விழாம, யாரும் பாக்காத மூலையில கெடந்துட்டுப் போறேன்."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த நாட்டுத் தேர்தலில் எல்லோர் கண்ணும் முதல் பெயரிலும் கடைசிப் பெயரிலும்தான் விழும். அதனால்தான் ஊரறிந்த ஆளைக் கடைசியில் நிறுத்துவார்கள். எங்கள் சங்கத்தில் அந்த இடம் எப்போதும் என்னுடையது. ஓட்டுச்சீட்டை ஒழுங்காகப் பார்த்த ஒருவனாவது இப்படிக் கேட்பானா? கொஞ்சம் மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று என் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு நான் நடுவுக்குப் போனேன்.

பெயர்களை ஒட்டிய அன்று சீப்ரன்தான் முதலில் ஓடிவந்தார். வானஸ் பெயர் இருந்ததைப் பார்த்ததும், இனி இவனைத் தூக்க முடியாதே என்று பெருமூச்சு விட்டார். அன்று சாயங்காலமே வேட்பாளர் அல்லாதவர்களுக்கு டப்பா மூடிக்கொண்டது.

வானஸின் வேலை தப்பியது. தப்பாதது ஆலைக் குழுவில் என் நாற்காலி. மே மாதம் ஓட்டு எண்ணினார்கள். கதவைத் தோளில் தூக்கிப் போனவனை யார் மறப்பார்கள்? எல்லோரும் சீட்டின் அடியில் அவனைக் கண்டுபிடித்துக் குத்தித் தள்ளியிருந்தார்கள். அவன்தான் முதல். நடுவில் கிடந்த நான் நான்காவது. எண்ணி முடித்ததும் கழிப்பறைக்குப் போய் அழுதேன். இதை மறைக்க என்ன இருக்கிறது? இத்தனை காலம் மழை, சளி, கல்யாணம் எதற்கும் ஒரு கூட்டத்தைத் தவறவிட்டதில்லை நான். வெளியே வந்தால் வானஸ் பேயறைந்த மாதிரி நின்றிருந்தான்.

"அக்கா, நான் இப்ப அங்க போயி என்ன பேசறது?"

"கதவை மறுபடியும் மாட்டச் சொல்லிக் கேளு. திறந்து வைக்கவும் சொல்லு."

மறுநாள் ஒரு வேலையாக மேலாளர் அறைக்குப் போனேன். சீப்ரன் எனக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார். டப் என்று மூடினார்.

முதல் கூட்டம் மதியத்தைத் தாண்டியும் நீண்டது. கதவில்லாத அந்தப் பின்வாசலில் சாய்ந்துகொண்டு நான் காத்திருந்தேன். வானஸ் வந்தபோது அடுப்பு முன்னால் நின்றதைவிட அதிகமாக வியர்த்திருந்தான்.

"கதவை மாட்டறாங்களாம். ஆனா பூட்டக் கூடாதுன்னு ஒத்துக்கிட்டாங்க. ரெண்டு காத்தாடி வேற தராங்க."

காத்தாடிக்காக நான் எத்தனை கூட்டத்தில் தொண்டை கிழியப் பேசியிருப்பேன். சந்தோஷமாகவும் இருந்தது, வயிறும் எரிந்தது.

"அவ்வளவுதானா?" என்றேன்.

வானஸ் வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்கே வார்த்தை வராத ஒரு நாளை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். பிறகு சட்டைப்பைக்குள் கையைவிட்டு இரண்டு கை நிறைய பிஸ்கட்டை எடுத்து நான் ஏந்திய கைகளில் கொட்டினான்.

"உனக்குத்தான்கா. அந்த ஆளு மூடறதுக்குள்ள அள்ளிட்டு வந்துட்டேன்."

அவன் சுட்டு, நான் பாக்கெட் போட்ட அதே பிஸ்கட். பாதி நொறுங்கியிருந்தது. ஒன்று விடாமல் தின்றேன்.